நீலகிரியில் காஷ்மீர் ஈபிடிப்பானைத் தேடி

ஜனவரி 8, புதன்: பர்லியாறு வழியே உதகை

மேட்டுப்பாளையத்தில் காலை எட்டரை மணிக்குக் கிளம்பிய பேருந்து, பர்லியாற்றைத் தாண்டிச் சிறிது தூரம் ஏறியதுமே நின்றுவிட்டது. மேலிருந்து கேரட் மூட்டைகளுடன் இறங்கிவந்த லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரத்தைச் சாலையோரக் கால்வாய்க்குள் விட்டுச் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கிவிடக் குன்னூரிலிருந்து மீட்பு வண்டி வந்தாக வேண்டும் என்றார் நடத்துனர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வளைவிலேயே நின்றோம். யாரும் சத்தம் போடவில்லை. வெள்ளை முண்டு உடுத்தித் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்த படுகர் மூதாட்டி ஒருவர், மேட்டுப்பாளையத்தில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களைப் பையிலிருந்து எடுத்து முதலில் குழந்தைகளுக்கும் பிறகு எங்களுக்கும் கொடுத்தார். அக்கா காசை நீட்டியபோது அவளுடைய விரல்களை மடக்கிவிட்டு, "பேத்திக்குன்னு வாங்குனது கண்ணு, அவளுக்கும் மிச்சம் இருக்கு, நீங்க சாப்பிடுங்க" என்றார்.

பேருந்தை விட்டு இறங்கி நின்ற நேரத்தில் கால்வாயோரம் ஒரு வாலாட்டிக் குருவியைப் பார்த்தேன். முதுகு சாம்பல், அடிவயிறும் வாலடியும் நல்ல மஞ்சள். கல்லுக்குக் கல் தாவி, ஒவ்வொரு தாவலுக்கும் வாலை மேலும் கீழும் அசைத்தபடி, சாய்ந்த லாரியையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் பொருட்படுத்தாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. இமயமலைப் பக்கத்து ஓடைகளில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கிவரும் இந்த வாலாட்டியை நீலகிரியின் ஓடை ஒவ்வொன்றிலும் பார்க்கலாம். ஆனால் நாங்கள் மலையேறியது இதைப்போலவே வடக்கிலிருந்து வந்து, இதைப்போல எளிதில் கண்ணில் படாத வேறொரு குருவிக்காக.

அதன் பெயர் காஷ்மீர் ஈபிடிப்பான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 13 செ.மீ. நீளம்தான். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் ஆழ்ந்த செம்மஞ்சளாக இருக்கும். அந்தச் செம்மஞ்சளின் இருபுறமும் கரை கட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு இறங்கும். பெண் மங்கிய பழுப்பு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய பீர் பஞ்சால் மலைகளிலும் இலையுதிர் காடுகளின் மரப்பொந்துகளில் மே, ஜூன் மாதங்களில் கூடு வைத்துக் குஞ்சு பொரித்துவிட்டு, இலையுதிர் காலத்தில் கிளம்பி, நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதிக்கும் இலங்கையின் நடுமலைநாட்டுக்கும் வந்து சேர்கிறது. ஸ்ரீநகரிலிருந்து உதகைக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 2,500 கி.மீ. இனப்பெருக்கம் செய்யும் காடுகள் மரத்துக்காகவும் விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் குறைந்துகொண்டே வந்ததால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கூடு கட்டாத ஒரு பறவை, குளிர்காலத்துக்கு நம் மாநிலத்தின் மலையைத் தேர்ந்தெடுத்து வருகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

உதகைக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வெயில் இருந்தும் நிழலில் நின்றால் காது வலித்தது. விடுதி அறையில் வெந்நீர்க் கருவி வேலை செய்யவில்லை. அதைச் சொன்னதும், பணியாளராக இருந்த பையன் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை இரண்டு வாளிகளில் மாடிக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு, நாங்கள் கொடுத்த ஐம்பது ரூபாயை மறுத்துவிட்டுப் போனான். அறையைச் சூடாக்கும் ஹீட்டருக்கு ஓர் இரவுக்கு முந்நூறு ரூபாய் தனி. திருச்சி வெயிலுக்குப் பழகிய எங்களுக்கு அது தேவைப்பட்டது.

ஜனவரி 9, வியாழன்: கெய்ரன் ஹில், தாவரவியல் பூங்கா

காலை ஆறேகாலுக்கு ஜீப் வந்தது. எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றைச் சேர்ந்த இளைஞர்; வண்டி ஓட்டுவதும் அவரே, பறவை காட்டுவதும் அவரே. சிறுவயதில் தேயிலைக்குள் கூடு தேடி அலைந்த பழக்கம் இப்போது தொழிலாகிவிட்டது என்றார். வண்டியும் சேர்த்து ஒரு நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதில் ஒரு ரூபாயும் வீண் இல்லை.

இரவு உறைபனி விழுந்திருந்தது. குதிரைப் பந்தய மைதானத்தின் புல் முழுவதும் வெளுத்துக் கிடக்க, வெளியே நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடிகளை ஓட்டுநர்கள் அட்டைத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு இந்த மாதம் முழுவதும் கவலைதான் என்றும், பனி கொட்டிய காலையில் வெயில் ஏறுவதற்குள் செடிக்குத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும் என்றும் வழிகாட்டி சொன்னார். தெருமுனைக் கடையில் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்த தேநீரைக் குடிப்பதைவிடக் கோப்பையைக் கையில் வைத்திருப்பதே முக்கியமாக இருந்தது. அதனுடன் கிடைத்த உதகை வர்க்கி, கடித்தால் பொரபொரவென உதிர்ந்து தேநீரில் நனைந்ததும் வெண்ணெய் மணக்கக் கரையும். அக்கா அப்போதே வீட்டுக்கு ஒரு கிலோ வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

கெய்ரன் ஹில், நகரத்திலிருந்து அவலாஞ்சி செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உயர்ந்த சைப்ரஸ் மரங்களின் இருட்டுக்குக் கீழே, ஓடையை ஒட்டிப் பெரணியும் புதரும் மண்டிய இடங்கள்தான் பறவைகளுக்குப் பிடித்தவை. முதல் அரை மணி நேரத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மூன்று குரல்களைக் கேட்டுவிட்டோம். நீலகிரிச் சிரிப்பான்கள் புதருக்குள்ளிருந்து ஒன்று தொடங்க மற்றவை தொடர்ந்து கூவின. நீலகிரி ஈபிடிப்பான் ஒன்று தாழ்ந்த கிளையில் வந்து அமர்ந்து கருநீலத்தைக் காட்டியது. கறுப்பும் ஆரஞ்சும் கொண்ட ஈபிடிப்பான், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், எங்களிடமிருந்து நான்கைந்து அடி தள்ளி, நெடுநேரம் எங்களைப் பார்த்தபடியே இருந்தது. இவை மூன்றும் இந்த மலையை விட்டு எங்கும் போகாதவை. அக்காவுக்கு இந்த ஆரஞ்சுக் குருவியே போதும் என்று தோன்றிவிட்டது. "இது இவ்வளவு அழகா இருக்கும்போது காஷ்மீர்ல இருந்து வர்றதை எதுக்குத் தேடணும்?" என்று கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டு, "இது வீட்டு ஆளுங்க அக்கா. நாளைக்கு வந்தாலும் இங்கயே இருக்கும். அது விருந்தாளி. பங்குனி வந்தாக் கெளம்பிடும்" என்றார்.

விருந்தாளி அன்று வரவில்லை. ஒரே ஒரு முறை வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். தொண்டையில் ஆரஞ்சு நிறமுள்ள சிறு ஈபிடிப்பான் ஒன்று மரத்தின் நடுக்கிளையில் வாலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. ஆனால் நிறம் தொண்டையோடு நின்றுவிட்டது, கறுப்புக் கரையும் இல்லை. ஐரோப்பாவின் கிழக்கிலிருந்து வரும் செம்மார்பு ஈபிடிப்பான் அது. இரண்டுக்கும் பழக்கம் ஒன்றே, வாலின் அடியில் இருபுறமும் உள்ள வெள்ளைத் திட்டும் ஒன்றே. அதனால் மார்பு தெரியும்வரை எதையும் எழுதிக்கொள்ளாமல் காத்திருக்கும் பொறுமையை அவரிடம் கண்டேன். பறவை பார்ப்பவர்களிடம் நான் பெரிதாக மதிக்கும் குணம் அது.

பிற்பகலில் அரசு தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். 1848இல் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் அமைக்கத் தொடங்கிய பூங்கா இது. மலர்ப்பாத்திகளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கடந்து மேலே ஏறினால், சரிவுகளில் மனிதர்கள் குறைந்து பறவைகள் கூடுகின்றன. இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் வழிகாட்டி படத்தைக் காட்டிக் கேட்டார். அவர் படத்தை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு, முந்தைய ஆண்டு தைப்பூசத்தின்போது மேல் சரிவில் இதைப் பார்த்ததாகவும் இந்த ஆண்டு இன்னும் கண்ணில் படவில்லை என்றும் உறுதியாகச் சொன்னார். "கீழ எறங்கி ஒரு பூச்சி, மறுபடி அதே கொம்பு. அதே கொம்புலதான் ஒக்காரும்மா" என்று அவர் சொன்ன விவரம், நான் படித்திருந்த எதையும்விடத் துல்லியமாக இருந்தது.

ஜனவரி 10, வெள்ளி: பைக்காரா

அக்காவுக்கு மூட்டு வலி. இரண்டு நாள் தொடர்ந்து சரிவு ஏற முடியாது என்பதால், உட்கார்ந்தபடியே பறவை பார்க்கலாம் என்று பைக்காரா படகுக்குப் போனோம். உதகையிலிருந்து கூடலூர்ச் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர். தோடர் மக்கள் புனிதமாகக் கருதும் பைக்காரா ஆற்றை அணைகட்டித் தேக்கிய நீர்ப்பரப்பு அது. இந்த ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கரை முழுவதும் காடும் புல்வெளியுமாக, எதிர்க்கரையில் வீடு ஒன்றுகூடத் தெரியாமல், நகரத்து ஏரியிலிருந்து முற்றிலும் வேறாக இருந்தது.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்பதால் வரிசை நீண்டிருந்தது. எட்டுப் பேர் அமரும் மோட்டார் படகில் எங்களோடு வந்தவர்களில், குன்னூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் என் கழுத்திலிருந்த பைனாகுலரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். படகு கிளம்பியதும் எஞ்சின் சத்தத்தில் கரையோர உள்ளான்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தாழப் பறந்து அடுத்த வளைவுக்குப் போய்விட்டன. முக்குளிப்பான்கள் மூழ்கின. பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகம் மட்டும் அசையவில்லை. நான் படகோட்டியிடம் கேட்டுக்கொண்டதும், அவர் ஒரு விரிகுடாவுக்குள் படகைத் திருப்பி எஞ்சினை முழுவதும் நிறுத்தினார். அந்த இரண்டு நிமிடங்களில் உள்ளான் ஒன்று சேற்றுக்குத் திரும்பி வந்தது. கரைக் காட்டிலிருந்து சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை, மனிதர் யாரோ பாட்டை மறந்து மறந்து பாடுவதாக எண்ணவைக்கும்படி, தெளிவாகக் கேட்டது. படகில் இருந்த பிள்ளைகள் தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியை அப்போது சொன்ன செய்தியை இங்கே விரிவாக எழுத வேண்டும். அவருடைய மகள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார். சென்ற குளிர்காலத்தில் அம்மாவை ராக்போர்ட் என்னும் கடலோர ஊருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து அரான்சாஸ் வனவிலங்குக் காப்பகத்தின் உப்புச் சதுப்புக்குப் படகில் கூட்டிப்போயிருக்கிறார். அந்தப் படகுகள் போவதே வூப்பிங் கிரேன் என்னும் வெண்ணிறப் பெருங்கொக்குகளைக் காட்டத்தான். நின்றால் ஐந்தடி உயரம், விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் சிறகு, நெற்றியில் சிவப்பு, சிறகு நுனியில் கறுப்பு. கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் கூடு கட்டி, ஏறத்தாழ 4,000 கி.மீ. பறந்து, இந்த ஒரு கடற்கரைச் சதுப்புக்குக் குளிர்காலத்தில் வருகின்றன. 1937இல் அங்கே காப்பகம் அமைந்தது. 1941இல் அங்கு குளிர்காலத்தைக் கழித்த கொக்குகள் இருபதைக்கூட எட்டவில்லை. அவை எங்கே கூடு கட்டுகின்றன என்பதே 1954இல்தான் தெரியவந்தது. வேட்டையைத் தடுத்து, இரண்டு முனைகளிலும் நிலத்தைக் காத்து, இன்று அந்தக் கூட்டம் ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது.

"அப்பா, அம்மா, நடுவுல செம்பழுப்பா ஒரு குஞ்சு. அந்த மூணும் ஒரு நண்டைப் பங்கு போட்டுத் தின்னதைப் பார்த்தேம்மா. படகு அப்படியே நின்னுச்சு. எல்லாரும் அழுதுட்டோம்" என்றார். ஒவ்வொரு கொக்குக் குடும்பமும் சதுப்பில் தனக்கென ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்புவதால், படகோட்டிகளுக்கு எந்த வளைவில் எந்தக் குடும்பம் இருக்கும் என்பதுவரை தெரியுமாம். அந்த ஊரின் கடைகள், விடுதிகள், படகுகள் எல்லாம் குளிர்காலத்தில் கொக்குகளால் பிழைக்கின்றன என்றும் அவர் சொன்னார்.

நான் எங்கள் குருவியைப் பற்றிச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளாகக் குன்னூரில் வாழ்ந்தும் அப்படியொரு பறவை இங்கே வருவதைக் கேள்விப்பட்டதில்லை என்றார். பைனாகுலரை வாங்கித் தன் கண்ணில் வைத்துக் கரைப் புதர்களைப் படகு துறை சேரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். கொக்குக்குக் கிடைத்த கவனம் இந்தக் குருவிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை உருவம்தான். ஐந்தடிப் பறவை தூரத்திலேயே தெரியும், படகு நிரம்பும், ஊர் அதைத் தன் பெருமையாக எடுத்துக்கொள்ளும். அரை அடிகூட இல்லாத பறவைக்குப் படகும் இல்லை, பலகையும் இல்லை. வலசையின் அருமையும் இரண்டு முனைகளிலும் வாழிடம் வேண்டும் என்ற கட்டாயமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

திரும்பும் வழியில் தோடர் பெண்கள் இருவர் சிவப்பும் கறுப்பும் நூலால் பூவேலை செய்த வெள்ளைச் சால்வைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரிய சால்வை நாலாயிரம் ரூபாய். அக்கா பேரம் பேசவில்லை. தையலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், முன்பக்கம் போலவே சுத்தமாக இருந்தது, வாங்கிக்கொண்டாள். மாலையில் மூடுபனி இறங்கி, பதினைந்து அடிக்கு மேல் சாலை தெரியாமல், உதகை வந்து சேர ஒன்றரை மணி நேரமானது.

ஜனவரி 11, சனி: கோத்தகிரி, லாங்வுட் சோலை

உதகையைவிடக் கோத்தகிரி இளஞ்சூடு. ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது: 116 ஹெக்டேர், சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் சூழ்ந்த நிலையில் மிஞ்சிய ஒரு துண்டு மலைக்காடு. சுற்றுக் கிராமங்களின் குடிநீர் இங்கிருந்து ஊறி வருகிறது. 2024 ஜனவரியில் இதை ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தார்கள். வனத்துறை அனுமதியை வழிகாட்டி முன்பே வாங்கி வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் வெயில் துண்டு துண்டாகி, பாசி படிந்த தண்டுகளுக்கிடையே ஈர மண்ணின் வாசம் வந்தது. காட்டெருமை நடந்த தடம் புதிதாக இருந்ததால் முதல் திருப்பத்தில் கால் மணி நேரம் காத்திருந்தோம். கரடியும் உண்டு, அதனால் யாரும் முன்னால் தனியாகப் போகக் கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நீலகிரி காட்டுப்புறா ஒன்று உச்சியில் பழம் தின்றுகொண்டிருந்தது. கழுத்தின் பின்புறச் சதுரங்கக் கட்டம் நன்றாகத் தெரிந்தது. சோலைக்கிளி என்று பறவை பார்ப்பவர்கள் குறிப்பிடும் நீலநிறக் குருவி இருட்டான ஓடைக்கரையில் ஒரு கணம் தோன்றி மறைந்தது. மேலே இலைகளுக்குள் கதிர்குருவிகள் ஓயாமல் அலைந்தன. அவற்றில் ஒன்று, மேற்கு இமயத்திலிருந்து வரும், நீண்டு மெலிந்த அலகுள்ள டைட்லர் கதிர்குருவி என்று வழிகாட்டி காட்டினார். சோலைக்குள் எங்கள் ஈபிடிப்பானைக் காணவில்லை. "உள்ளுக்குள்ள இருட்டுல அது நிக்காதுங்க. ஓரம்தான் அதுக்குப் புடிக்கும். காடு முடியற எடம், தேயிலை தொடங்கற எடம், நடுவுல தண்ணி" என்று அவர் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார்.

கடை, சாலைச் சரிவில் தகரக்கூரையுடன் தனியாக நின்றது. பின்னால் சிறு ஓடை, ஓடைக்கு இந்தப் பக்கம் உண்ணிச்செடியும் காட்டு ராஸ்பெர்ரிப் புதரும், அந்தப் பக்கம் சோலையின் விளிம்பு, மேலே தேயிலை. கடைக்காரரின் மனைவி பகல் உணவுக்கு ராகிக் களியும் அவரைக் குழம்பும் வைத்தார். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். அவரை விதை வெண்ணெயாக வெந்து, மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த மணத்துடன், குளிருக்கு இதைவிட நல்ல சோறு வேறில்லை என்று தோன்றியது. ஆளுக்கு எண்பது ரூபாய். இரண்டாம் முறை குழம்பு ஊற்றியதற்குக் காசு வாங்கவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போன அக்காதான் முதலில் கேட்டாள். "சக்... சக்" என்று நாக்கைத் தட்டுவதுபோல் ஓர் ஒலி. வழிகாட்டி எழுந்து வந்தார். ஓடையை ஒட்டிய காய்ந்த கொம்பில், கண் மட்டத்துக்கும் கீழே, அது இருந்தது. முதலில் முதுகு. சாம்பல் கலந்த பழுப்பு, சாதாரணமான நிறம். பிறகு வாலை விருட்டென மேலே தூக்கி மெல்ல இறக்கியது. வெள்ளைத் திட்டுகள் மின்னின. பிறகு திரும்பியது. தொண்டையிலிருந்து மார்பு முழுவதும், விலாவரை, அடர்ந்த செம்மஞ்சள். கழுத்தின் இருபுறமும் அந்தக் கறுப்புக் கரை. ஐயத்துக்கே இடமில்லை. தரைக்கு இறங்கி எதையோ எடுத்தது, பூங்காவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னபடியே அதே கொம்புக்குத் திரும்பியது. வழிகாட்டி என் தோளைத் தொட்டு மூச்சை வெளியே விட்டார். அக்கா முழங்கால் வலியை மறந்து ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் அங்கிருந்து நகரவில்லை. இடையில் வேறொரு சிறு ஈபிடிப்பான் தேயிலைப் பக்கத்திலிருந்து வர, இது உடனே துரத்திச் சென்று ஓடைக்கு அப்பால் விரட்டிவிட்டுத் திரும்பியது. அந்த ஓடைக்கரையைத் தன் குளிர்கால வீடாகவே அது வைத்திருந்தது.

கடைக்காரருக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் ஐப்பசி மழை தொடங்கும்போது வரும், பங்குனியில் போய்விடும், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் கொசுவும் பூச்சியும் இருப்பதால் அங்கேயே சுற்றும் என்று அதன் நாள்காட்டி முழுவதையும் சொன்னார். காஷ்மீரிலிருந்து வருகிறது என்று நாங்கள் சொன்னபோது, அவர் மனைவியைக் கூப்பிட்டு அதையே திரும்பச் சொல்லச் சொன்னார். இருவரும் வேலியோரம் நின்று, தினமும் பார்க்கும் குருவியைப் புதிதாகப் பார்த்தார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு: கோத்தகிரியிலிருந்து இறக்கம்

விடிந்ததும் மறுபடி கடைக்குச் சென்றோம். குருவி இருந்தது. இரவு மழைத் தூறலில் நனைந்த கொம்பை விட்டுச் சற்று உயரே, வெயில் முதலில் விழும் கிளையில், இறகுகளை உப்பிக்கொண்டு அமர்ந்திருந்தது. அப்போதுதான் ஓடையின் மேல்புறத்தில் புதர் வெட்டும் சத்தம் கேட்டது. அடுத்த நிலத்தில் கட்டப்படும் தங்கும் விடுதி ஒன்றின் ஆட்கள், வண்டி நிறுத்துமிடத்துக்காக உண்ணிச்செடியையும் பெரணியையும் அடியோடு வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்வதில் விதிமீறல் எதுவும் இல்லை. அவர்களுடைய நிலம், அதிலும் உண்ணிச்செடி அகற்றப்பட வேண்டிய அயல்நாட்டுக் களைதான். ஆனால் சோலையின் சொந்தப் புதர்கள் ஏற்கெனவே போய்விட்ட இடத்தில், இந்தக் களைதான் ஓடைக்கு நிழலாக, குருவிக்கு மறைவாக, பூச்சிக்கு இருப்பிடமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒன்றை வளர்க்காமல் ஒரே நாளில் மொட்டையடித்தால், அடுத்த ஐப்பசியில் 2,500 கி.மீ. பறந்து வருவது எங்கே இறங்கும்? ஒரு பேரணையோ ஒரு சுரங்கமோ வேண்டியதில்லை. நான்கு கார்கள் நிற்கும் இடமே ஒரு பறவையின் முழுக் குளிர்காலத்தை எடுத்துவிடுகிறது.

வழிகாட்டியும் கடைக்காரரும் மேலே ஏறிப்போய் மேற்பார்வையாளரிடம் பேசினார்கள். நானும் உடன் சென்றேன். கேமராவில் இருந்த படத்தைப் பார்த்த அவர், முதலில் நம்பவில்லை. "ஊட்டில பூங்காவுல இருக்கிறதை எடுத்துட்டு வந்து காட்டுறீங்களா?" என்றார். கடைக்காரர் அவரைக் கையைப் பிடித்து வேலிக்கு அழைத்து வந்து காட்டினார். நெடுநேரம் பார்த்தபின், ஓடையிலிருந்து பத்தடி அகலத்துக்கு மட்டும் பங்குனிவரை வெட்டாமல் விடச் சொல்கிறேன், அதற்கு மேல் முதலாளி முடிவு என்றார். பத்தடி குறைவுதான். அந்தப் பத்தடியில் சோலை மரக்கன்றுகளை மழைக்காலத்துக்கு முன் நட்டுவிட முடியுமா என்று கேட்க, வழிகாட்டி அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினோம். எதிரே பொங்கல் கூட்டம் கார் காராக ஏறிவந்ததால் இறங்கவே மூன்று மணி நேரமானது. அக்கா வாங்கிய வர்க்கிப் பொட்டலம் நெரிசலில் நசுங்கி முழுவதும் தூளாகிவிட்டது.

இந்தப் பறவையைப் பார்க்க விரும்புவோருக்குச் சில செய்திகள். மார்ச் இறுதிக்குள் போங்கள். பொங்கல், குடியரசு தின விடுமுறைகளைத் தவிருங்கள். சொந்த வாகனத்தில் செல்வோர், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சோலைக்குள்ளே அல்ல, அதன் விளிம்பில், ஓடைப் பக்கத்துப் புதரில், காலை எட்டிலிருந்து பத்துக்குள் தேடுங்கள். கைப்பேசியில் அதன் ஒலியைப் போட்டு அழைக்காதீர்கள். தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று எண்ணி, பூச்சி தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும். பார்த்தால் நாளையும் இடத்தையும் பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் பதியுங்கள். அருகில் தேநீர்க் கடையோ வீடோ இருந்தால், அங்கிருப்பவர்களை அழைத்து உங்கள் பைனாகுலரைக் கொடுத்து, அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.